மேற்படி சேவல்

சேவலை அறுக்கும்போது ரத்தம் தரையில் சிந்தக்கூடாது. கிண்ணத்தில் இரண்டு கரண்டி வினிகரை முன்னாலேயே ஊற்றி வைத்துக்கொள்ள வேண்டும். இறக்கைகளைக் காலால் மிதித்து, தலையைப் பின்னால் வளைத்து, கத்தியை ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வினிகர் இருந்தால் ரத்தம் உறையாது. கால் உதறல் அடங்கும்வரை பிடியை விடக்கூடாது. மாதா கோயில் பிரெஞ்சுக்காரச் சாமியார் வீட்டில் பன்னிரண்டு வருஷம் சமைத்தேன். என் கையில் ஒரு சொட்டு வீணாய்ப் போனது கிடையாது.

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடுவதற்கு முந்தைய வருஷம் அது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் சாமியாரின் வீடு. ஈஸ்டருக்கு வனத்துறை வெள்ளைக்கார துரையும் அவருடைய துரைசாணியும் சாப்பிட வந்தார்கள். ராத்திரி முழுக்க ஒயினில் ஊறிய கிழட்டுச் சேவலைச் சட்டியில் வதக்கி, பிராந்தி ஊற்றி நெருப்புக் காட்டி, எலும்பு கழன்று வரும்வரை வேகவிட்டு, கடைசியில் ரத்தம் கலந்த குழம்பு. அதில் ரத்தம் இருக்கிறது என்று தெரிந்துதான் துரைசாணி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். போகும்போது, இதை என் பட்லரும் செய்ய வேண்டும், இங்கிலீஷில் எழுதிக் கொடுங்கள் என்றாள்.

செய்முறை சாமியாரின் தாய் கைப்பட எழுதிய நோட்டில் இருந்தது, பிரெஞ்சில். சாமியாருக்கு இங்கிலீஷ் அரைகுறை, தமிழ் நன்றாக வரும். இங்கிலீஷ் எழுத என் புருஷனைக் கூப்பிட்டார்.

என் புருஷன் தர்மபுரி தாலுகா கச்சேரி வாசலில் உட்கார்ந்து ஜனங்களுக்கு சர்க்கார் மனு, அர்ஜி எழுதிக் கொடுக்கிறவர். எல்லோரும் ரைட்டர் என்பார்கள். மண்டை உடைந்தவன், வைக்கோல் போரில் தீ வைக்கப்பட்டவன், புருஷனிடம் உதைபட்டு ரவிக்கையெல்லாம் ரத்தமாக வந்து நிற்கிற பொம்பளை, இவர்களுக்காக எழுதி எழுதி வந்த இங்கிலீஷ் அவருடையது. அழகான கையெழுத்து. எழுதி முடித்து வீட்டுக்கு வந்தால், காகிதத்தில் கோடு போடுகிற ரூல் தடியாலேயே என்னை அடிப்பார். இதை நான் மறைத்தது இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

சாமியார் பிரெஞ்சில் ஒரு வரி வாசிப்பார், தமிழில் சொல்லுவார், இவர் எழுதுவார். நான் கதவோரம் நின்றேன். ரத்தம் ஊற்றும் இடம் வந்தது. இவர் எழுதிய வரியைச் சாமியாருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார்: ரத்தத்தை ஊற்றிக் கொதிக்க விடவும்.

"கொதிக்க வுடக் கூடாதுங்க சாமி," என்றேன். "சட்டிய எறக்கி வெச்சுதான் ஊத்தணும். இல்லாட்டி திரிஞ்சு போயிரும்."

சாமியார் நோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். "இவள் சொல்வதுதான் சரி, ரைட்டர். திருத்துங்கள்."

இவர் திருத்தினார். பேனா முள் காகிதத்தைக் கிழித்தது. சாயங்காலம் என்ன நடக்கும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"கரண்டி புடிக்கற நாயி, என் இங்கிலீசுல தப்புப் புடிக்கறயாடி நீ?" என் வலது கையை எங்கள் வீட்டு வாசல்படியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு ரூல் தடியால் மணிக்கட்டில் மூன்று அடி. இரண்டாவது அடியில் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதன் மேலேயே மூன்றாவது. மறுநாள் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு, இடது கையால் சமைத்தேன்.

எட்டு நாள் கழித்து துரைசாணி அந்தக் காகிதத்தோடு வந்தாள். சாமியார் ரைட்டரையும் கூப்பிட்டனுப்பினார். வாசித்தாள், சிரித்தாள், மறுபடி வாசித்தாள். சாமியாரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்குத் தமிழில் சொன்னார். மேற்படி சேவல் ஒரு ராத்திரி முழுக்கச் சட்டவிரோதமாக ஒயினில் அடைத்து வைக்கப்பட்டது. மேற்படி வெங்காயம் கூரிய ஆயுதத்தால் பலத்த காயம் அடைந்தது. பிராந்தி ஊற்றி வேண்டுமென்றே தீ வைக்கப்பட்டது. என் புருஷன் முதலில் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

துரைசாணிக்குப் பட்லரிடம் பேசிப் பழகிய கொச்சைத் தமிழ் வரும். "சேவல் ரொம்பப் பாவம். யார் இப்படி எல்லாம் செஞ்சான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சேவலுக்கு அத்தன நடக்கலீங்க. அது ஒரே இழுப்புல போயிருச்சு. அதுல எழுதியிருக்கற அடியெல்லாம் எனக்கு வுழுந்ததுங்க." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன்.

"கெணத்து மேட்டுல வுழுந்துட்டாளுங்க," என்றார் இவர்.

"கெணத்து மேடு மூணு தடவ அடிக்குமாங்க?"

அதன்பின் சிரிப்பு இல்லை. துரைசாணி பென்சிலை எடுத்தாள். "நீ சொல்," என்றாள். நான் செய்வதைச் செய்கிறபடியே சொன்னேன், சாமியார் நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சரி என்றார், அவள் எழுதினாள். எழுதியதைச் சாமியார் தமிழில் சொன்னார். கழுத்தை அறு. ரத்தத்தைப் பிடி. சட்டியை இறக்கு. பிறகு ரத்தத்தை ஊற்று. இவர் அரைப் பக்கம் எழுதியது ஒரு வரியாகிவிட்டது. "என் அம்மாவும் இப்படித்தான் எழுதியிருக்கிறாள்," என்றார் சாமியார்.

இவ்வளவு சுளுவாக எழுத முடியும் என்று கண்டதும்தான் எனக்கு அது தோன்றியது.

"ஏங்க, எனக்கு ஒரு அர்ஜி எழுதணும்."

"யாரு மேல?"

"உங்க மேலதான். கச்சேரிக்கு வர்ற பொம்பளைகளுக்கெல்லாம் எழுதறீங்கல்ல. எனக்கும் எழுதுங்க."

இவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் மைக்கூட்டைத் திறந்து வைத்தார். துரைசாணி ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். எழுதினார். வெகுநேரம் எழுதினார்.

கைநாட்டு வாங்கும் முன் அர்ஜிதாரருக்கு அதைத் தமிழில் படித்துக் காட்டவேண்டும், அது அவர்கள் தொழிலில் வழக்கம். "படிச்சுக் காட்டுங்க," என்றேன்.

"மேற்படி எதிரியானவர் முன்விரோதம் காரணமாக..."

"அப்படி வேண்டாங்க. தொரசாணி எழுதுனாப்ல சொல்லுங்க."

இவர் தாளைத் தாழ்த்திப் பிடித்தார். "நான் என் பொண்டாட்டிய அடிச்சேன்."

"எங்க?"

"மணிக்கட்டுல."

"எத்தன தடவ?"

"ஒருக்கா."

"மூணு."

தாளில் ஒருக்கா என்று இருந்ததை அடித்துவிட்டு மூன்று என்று எழுதினார். இடது கட்டை விரலில் மை தடவி நானே வைத்தேன். சாமியார் அந்தத் தாளைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். இன்னொரு அடி விழுந்தால் இது கச்சேரிக்குப் போகும் என்றார்.

அதற்குப் பிறகு ஏச்சு இருந்தது, சட்டி பறந்தது, ஒருநாள் சோற்றுக் குண்டானை உதைத்து முற்றமெல்லாம் இறைத்தார். என் மேல் கை ஓங்கியது ஒரே தடவை. நான் முந்தானையை உதறிச் சொருகிக்கொண்டு சாமியார் வீட்டுப் பாதையில் இறங்கினேன். எட்டு அடி வைப்பதற்குள் பின்னாலேயே வந்து, "வூட்டுக்கு வாங்க," என்றார். அத்தனை வருஷத்தில் என்னை வாங்க என்று சொன்னது அன்றுதான். நானும் உடனே திரும்பிவிடவில்லை.