ஒப்பந்தம் வேண்டாமென்ற ஊர்

சென்னையில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். பல வருடமாக நான் படிப்பதும் எழுதுவதும் ஒரே விஷயம்தான்: அடிமைத்தனத்திலிருந்து தப்பியோடி, காட்டிலும் மலையிலும் தங்களுக்கென்று ஊர் கட்டிக்கொண்ட ஆப்பிரிக்க மக்கள். கரீபியத் தீவுகளில் அப்படிப் பல ஊர்கள் இருந்தன. அந்த மக்களை ஆய்வாளர்கள் மரூன்கள் என்கிறார்கள். ஒரு தடவையாவது ஜமைக்காவுக்குப் போய்ப் பார்க்க ஆசை. கையில் அவ்வளவு பணம் சேர்ந்ததில்லை. "அவ்ளோ தூரம் எதுக்கு மேடம்? சத்தியவேடு பக்கம் வாங்க" என்றான் என் பழைய மாணவன் ஒருவன். செங்கல் சூளையில் கொத்தடிமைகளாகக் கிடந்து தப்பியவர்கள் அங்கே தனியாக ஒரு ஊர் அமைத்திருக்கிறார்களாம். அவனே ஊராரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கித் தர, போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மாதவரத்தில் காலை ஆறரைக்கு சத்தியவேடு பஸ். டிக்கெட் தொண்ணூறு ரூபாய். ஊத்துக்கோட்டை தாண்டியதும் கடைப் பலகைகள் தெலுங்குக்கு மாறிவிடுகின்றன. பஸ்ஸுக்குள் பேச்சு மட்டும் மாறவில்லை. சத்தியவேட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பேசினேன். வரதய்யபாளையம் தாண்டி மலையடிவாரம்வரை போய், காத்திருந்து திரும்ப எண்ணூறு ரூபாய். ஓட்டுநர் முனிரத்தினம் ஊர் பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார்.

"குப்பம்மா ஊருக்கா? எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க மேடம். பெரிய மனுசி."

தார்ச்சாலை ஏரிக்கரையோடு முடிந்துவிட்டது. கடைசிக் கொஞ்ச தூரம் மண்பாதை. மழைக்காலத்தில் ஆட்டோ போகாது. இருபது வீடுகள் இருக்கும். பாதி ஓடு, பாதி தகரம். சுற்றிலும் வேர்க்கடலை. ஒரு அடிபம்பு. குப்பம்மா ஐம்பதை நெருங்கும் பெண், உரத்த குரல், ஓயாத சிரிப்பு. எப்படித் தப்பினீர்கள் என்று நான் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"சூளைய உட்டு வெளிய உடமாட்டான். சந்தைக்குப் போனாக்கூட பின்னாலயே ஒரு ஆளு வரும். எலக்‌ஷன் வந்திச்சி. ஓட்டுப் போட எங்க அஞ்சு குடும்பத்தையும் லாரில ஏத்திகினு வந்தாங்க. இஸ்கூல்ல ஓட்டுப் போட்டோம். திரும்பி லாரில ஏறல."

"அவ்வளவுதானா?"

"அவ்ளோதான். வாசல்ல போலீசு நிக்குது, ஊரே நிக்குது. அத்தன பேர் எதிர்ல எங்கள அடிச்சி ஏத்துவானா? புள்ளைங்கள மடியில வச்சிகினு அப்படியே தரையில குந்திகினோம். சாயங்காலம் அதிகாரிங்க வந்து என்னா ஏதுன்னு கேட்டாங்க. சொன்னோம். விடுதலைன்னு சீட்டும் இந்த எடமும் குடுத்தாங்க."

இருட்டிலும் காட்டிலும் தப்பியோடியவர்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். பட்டப்பகலில், எல்லோரும் பார்த்திருக்க, உட்கார்ந்தே தப்பித்தவர்களை அன்றுதான் பார்த்தேன்.

மதியம் சாப்பாடு போட்டார்கள். என் பக்கத்தில் ரவி, மஞ்சுளா என்று ஒரு இளம் தம்பதி, கைக்குழந்தையோடு. வேறொரு சூளையிலிருந்து தப்பி முந்தின நாள்தான் இங்கே வந்தவர்கள். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் மஞ்சுளா குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். வந்தவர் அந்தச் சூளையின் மேஸ்திரி. அவர் சத்தம் போடவில்லை. நிதானமாகப் பேசியதுதான் பயமாக இருந்தது.

"குப்பம்மா, உங்க ஊருக்கும் எங்களுக்கும் ஒரு தகராறும் இல்ல. இவங்கள மட்டும் அனுப்பிடு. இந்தப் பக்கம் எவனும் வரமாட்டான். ஏரிக்கரையிலேர்ந்து ரோடு போட்டுத் தர முதலாளிகிட்ட நானே சொல்றேன்."

ஜமைக்காவின் மரூன்களோடு வெள்ளைக்காரர்கள் போட்ட ஒப்பந்தமும் இதேதான். உங்களுக்கு நிலம் உண்டு, விடுதலை உண்டு. இனி தப்பி வருகிறவர்களை மட்டும் பிடித்துக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் அதற்கு ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

ரவி எழுந்துவிட்டான். "நாங்க போயிடறோம்க்கா. எங்களால உங்களுக்கு எதுக்குத் தொல்ல?"

"குந்துடா. சோத்தத் துன்னு" என்றார் குப்பம்மா. பிறகு மேஸ்திரியிடம் திரும்பினார். "ரோடு நல்லாத்தான் இருக்கும். ஆனா இவங்கள அந்த ரோட்ல அனுப்பிட்டு, நாங்க எப்படிப்பா அதுல நடக்கறது? எம்ஆர்ஓ ஆபீசுக்கு போன் போட்டாச்சி. ஆளு வந்துகினு இருக்காங்க. நீயும் இரு, பேசலாம்."

அதற்குள் கடலைக் காட்டிலிருந்து ஊரே வந்து நின்றிருந்தது. மேஸ்திரி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மஞ்சுளா குழந்தையை முந்தானையிலிருந்து வெளியே எடுத்தாள். சொன்னபடியே, ஆந்திராவில் எம்ஆர்ஓ எனப்படும் தாசில்தாரின் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, ரவி, மஞ்சுளா இருவரின் வாக்குமூலத்தையும் எழுதிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது குப்பம்மாவிடம் ஜமைக்கா கதையைச் சொன்னேன். அந்த மரூன்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"துப்பாக்கிய வச்சிகினு கேட்டிருப்பான், பாவம். புடிச்சிக் குடுத்தவங்க இருக்கட்டும். புடிபட்டவங்க மறுபடி ஓடுனாங்களா?"

"ஓடினாங்க."

"அது போதும்" என்றார்.

தப்பிப்பது ஒரு நாள் வேலை; அடுத்து வருகிறவருக்கும் கதவைத் திறந்து வைப்பது தினசரி வேலை. புத்தகங்களில் நான் தேடியது அந்த இரண்டாவது வேலையைத்தான் என்று திரும்பும் வழியில் தோன்றியது.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சத்தியவேட்டுக்குப் பிறகு சாப்பிட நல்ல இடம் கிடையாது, தண்ணீர் கையில் இருக்கட்டும். வரதய்யபாளையம் பக்கத்து மலையருவியைப் பார்க்க வேண்டுமானால் மழை முடிந்த மாதங்களில் போங்கள். திரும்புகிற பஸ்ஸைப் போகும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் சரியான பெயரை இங்கே எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். தேடிக்கொண்டு போகாதீர்கள். வேடிக்கை பார்க்க அமைத்த ஊர் அல்ல அது.

போன வாரம் ரவி போன் செய்தான். இருவருக்கும் கொத்தடிமை விடுதலைச் சான்று வந்துவிட்டதாம், அதே ஊரில் கட்டும் வீட்டுக்குக் கூரையும் போட்டாகிவிட்டதாம். எப்போது குடிபோகிறீர்கள் என்று கேட்டேன்.

"நாங்க இன்னும் போவலக்கா. நேத்து வேற ஒரு குடும்பம் ஓடியாந்துச்சி. சின்னச் சின்னப் புள்ளைங்க. அவங்கள அதுல குடி வச்சிட்டோம்."