செஞ்சிக் கோட்டையும் ஒரு ஜெபக் குறிப்பும்

ஆகஸ்ட் மாதம் இரண்டு நாள் செஞ்சிக்குப் போய் வந்தேன். கோட்டை பார்ப்பதற்காகப் போகவில்லை. அவலூர்பேட்டை சாலையில் இருக்கும் ஒரு சிறிய சபையின் பாஸ்டர் கூப்பிட்டிருந்தார். மனபாரம் உள்ளவர்கள் வந்து பேசட்டும் என்று சனிக்கிழமைதோறும் ஒரு அறையைத் திறந்து வைக்கிறார்களாம். காது கொடுத்துக் கேட்பதற்குச் சபையாரே முறை வைத்து உட்காருகிறார்கள். "ரூம் இருக்குது, ஃபேன் இருக்குது, ஆளுங்களும் ரெடியா உக்காந்திருக்காங்க. ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க சிஸ்டர். எங்காளுங்களுக்கு ட்ரெயினிங் குடுங்க" என்றார் போனில். சென்னையில் ஆற்றுப்படுத்துநராக இருக்கும் எனக்கு இது தெரிந்த வேலை. சரி என்றேன்.

இதில் வரும் இரண்டு பெண்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். இருவரும் படித்துப் பார்த்துச் சம்மதித்த பிறகே வெளியிடுகிறேன். ஏன் இத்தனை ஜாக்கிரதை என்பது போகப் போகப் புரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம் வழியாகப் போகும் திருவண்ணாமலை பஸ் எதுவும் செஞ்சியில் நிற்கும். மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடவே ஆனது, டிக்கெட் நூற்றைம்பது ரூபாய்க்குள். திண்டிவனத்தில் குடித்த டீயைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வல்லம் பக்கம் மணிலாக் கொல்லைகள், அதாவது வேர்க்கடலை வயல்கள், பச்சையாக இருந்தன. செஞ்சியில் இறங்கியதும் ஆட்டோக்காரர் என் பையைப் பார்த்துவிட்டு, "ராஜா கோட்டையா, ராணி கோட்டையாம்மா?" என்றார். சர்ச்சுக்கு என்றதும், "இன்னாம்மா, வெள்ளிக்கிழமையில சர்ச்சா?" என்று கேட்டு எண்பது ரூபாய் சொன்னார். அறுபதுக்குப் பேசி ஏறினேன்.

பயிற்சிக்கு ஒரு டஜன் பேர் வந்திருந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். முதல் நாள் முழுக்கக் கேட்கும் பழக்கம்தான் பாடம். இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் தன் மனதில் இருப்பதைச் சொல்ல, மற்றவர் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது, வசனம் சொல்லக் கூடாது, சொல்கிறவர் முடிக்கும் முன் ஜெபத்தை ஆரம்பிக்கவும் கூடாது. மூன்று நிமிடம் தாங்கவில்லை. அறை முழுக்க, "ஜெபிப்போமா சிஸ்டர்?" என்று கண்ணை மூடிவிட்டார்கள். "முழுசா சொல்லி முடிக்கட்டுமே, ஆண்டவர் எங்கேயும் ஓடிப் போக மாட்டார்" என்றேன். சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள்.

மதியத்துக்குள் தேறியவர் எஸ்தர். தையல் வேலை செய்கிறவர், யார் வீட்டில் துக்கம் என்றாலும் சோற்றுப் பாத்திரத்தோடு முதலில் போய் நிற்கிறவர். அவருக்கு எதிரில் உட்கார்ந்த ரோஸிக்கு முப்பது வயது இருக்கும். ரோஸி பேசப் பேச அழுதார். எஸ்தர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். எனக்கு ரொம்பச் சந்தோஷம். கேட்பது என்றால் இப்படித்தான் என்று எல்லோருக்கும் காட்டினேன்.

நான்கு மணிக்கு வழக்கம்போல வட்டமாக நின்று ஜெபக் குறிப்புகள் சொன்னார்கள். நம் சபைகளில் இது எப்படி என்று தெரியும். யாருக்கு என்ன கஷ்டம் என்று பெயர் சொல்லி வைத்தால் எல்லோரும் சேர்ந்து ஜெபிப்பார்கள். அதை யாரும் புறணி என்று நினைப்பதில்லை, அன்பு என்றுதான் நினைக்கிறார்கள். எஸ்தர் கண்ணீரோடு, "ஆண்டவரே, எங்க ரோஸியோட புருஷன..." என்று ஆரம்பித்து, கேட்டது அத்தனையும் சத்தமாகச் சொல்லி மன்றாடினார். விஷயம் என்னவென்று எழுத மாட்டேன். மாமியாருக்குத் தெரியக் கூடாது என்று ரோஸி பல மாதமாகப் பொத்தி வைத்திருந்தது என்பது மட்டும் போதும். மாமியாரின் கூடப்பிறந்த தங்கை அதே வட்டத்தில் நின்று பலமாக ஆமென் சொன்னார்.

அந்த ஆமென் முடிவதற்குள் ரோஸி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"ரோஸி எங்க? வூட்டுக்குப் போயிட்டாளா?" என்று எஸ்தர் தேடினார். தனியாகக் கூப்பிட்டு, ரோஸி ஏன் போனார் என்று சொன்னேன்.

"நான் ஜெபந்தானே பண்ணேன் சிஸ்டர்? ஊருல போயா சொன்னேன்?"

"ஊரே இங்கேதானே நின்றது."

எஸ்தர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபம் அந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. அறை ஏன் காலியாகக் கிடக்கிறது என்பதும் விளங்கியது. அன்று சாயங்காலமே எஸ்தர் ரோஸி வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவு திறக்கவில்லை. உள்ளே மாமியார் கத்துவது மட்டும் கேட்டதாம். ரோஸி இனிமேல் யாரிடமும் வாயே திறக்க மாட்டார் என்று பயந்தேன்.

சனிக்கிழமை பயிற்சி பத்தரைக்குத்தான். காலையில் கோட்டையின் கிருஷ்ணகிரி மலைக்கு ஏறினேன். உள்ளூரில் ராணி கோட்டை என்றால்தான் தெரியும். கட்டணம் இருபத்தைந்து ரூபாய், ஏற்றம் அதிகம் இல்லை. ராஜா கோட்டை இருக்கும் ராஜகிரிக்கு அரை நாள் ஒதுக்குங்கள். பிற்பகல் மூன்றுக்கு மேல் உச்சிக்கு விடுவதில்லை என்று சீட்டு கொடுப்பவர் சொன்னார். கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்குகள் விடாது. மேலே நல்ல காற்று. நான்தான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை, மனசு ரோஸி வீட்டு வாசலிலேயே நின்றது.

அன்றைக்கு வைத்திருந்த பாடத்தை ஒதுக்கிவிட்டு, ஜெபத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதையே பேசினோம். "பேர் சொல்லாம எப்டி ஜெபிக்கிறது? மொட்டக் கடுதாசி மாதிரி இருக்காது?" என்று ஒரு பெரியவர் கேட்டார். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். விவாதம் மதியச் சாப்பாடு வரை போனது. எஸ்தர் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்கு நான் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் ரோஸி நின்றார்.

"ட்ரெயினிங்குக்கு வரல சிஸ்டர். பேசணும். உங்ககிட்ட மட்டுந்தான். நீங்க பொழுதோட ஊருக்குப் போயிடுவீங்க."

இந்த அறைக்கு வந்த முதல் ஆள், வெளியூர்க்காரி என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்தார். சபையாருக்கு இதைவிட அவமானம் வேண்டியதில்லை, ஆனால் ரோஸி செய்தது நியாயம்தான். மற்றவர்கள் போன பிறகும் அங்கேயே இருந்த எஸ்தர் எழுந்து நின்றார். ரோஸி அவர் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் உள்ளே போனதும் எஸ்தர் கதவைச் சாத்திவிட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ரோஸி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. வெளியே செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு மாமியாருடைய தங்கையின் குரல்.

"உள்ள ரோஸிதானே? இன்னாவாம்? சொல்லு எஸ்தர், சேர்ந்து ஜெபிக்கலாம்."

"தாராளமா ஜெபிங்க அத்த. யாரு, இன்னான்னு ஆண்டவருக்குத் தெரியும்."

நாற்காலியைக் கதவோடு ஒட்டி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ரோஸி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

நான் பிடிக்க நினைத்திருந்த ஐந்து மணி பஸ் போய்விட்டது. அடுத்தடுத்து பஸ் உண்டு, கவலைப்பட வேண்டாம். இப்படிப் பயிற்சி கொடுக்கப் போகிறவர்கள் ஜெபக் குறிப்பைப் பற்றி முதல் நாள் காலையிலேயே பேசிவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ரோஸி என்ன சொன்னார் என்று பின்னூட்டத்தில் யாரும் கேட்க வேண்டாம். ஜெபிக்கிற பழக்கம் இருந்தால் ஜெபியுங்கள்.