கருகமணி கட்டிய கை

கமருன்னிஸாவை எங்கள் தெருவில் யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. நல்லவள் என்பார்கள். எனக்கு அந்த வார்த்தையே ஆகாது. கூத்தாநல்லூரில் ஒரு பெண்ணை நாலு பேர் நல்லவள் என்று சொன்னால், அவள் தலையில் ஏறி மிதிக்க ஐந்தாவது ஆள் தயாராகிவிட்டான் என்று அர்த்தம். நான் அவளுக்குப் பக்கத்து வீட்டு ராத்தா, அக்கா முறை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அங்கே குக்கர் விசில் அடித்தால் இங்கே நான் அடுப்பை அணைப்பேன். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

அவள் புருஷன் பாசித் தாயில்லாப் பிள்ளை. கூடப்பிறந்த பெண்ணும் கிடையாது. நிக்காஹ் அன்று மணப்பெண் கழுத்தில் தாலியாகக் கருகமணி கட்ட மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு பெண் வேண்டுமே என்று எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தபோது, பெரிய வீட்டு மாமி தானாக எழுந்து வந்து கட்டினார். பெரிய வீட்டுக்காரர்களுக்கு மன்னார்குடியில் நெல் மண்டி இருக்கிறது. மாமியின் மகன் மீரா உசேன் பாரிஸுக்குப் பக்கத்தில் பிரியாணிக் கடை நடத்துகிறார். கருகமணி கட்டின கையோடு அந்தக் கடையில் பாசித்துக்குச் சமையல் வேலையும் வாங்கிக் கொடுத்தார் மாமி. ஊரே அவரை மெச்சியது.

அந்த நாட்டுச் சட்டத்தை பாசித் ஒருமுறை போனில் விளக்கியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரம்தான் வேலையாம். அதற்கு மேல் வாங்கினால் கூடுதல் கூலி கொடுக்க வேண்டுமாம். இன்றைய வேலை முடிந்து நாளைய வேலை தொடங்குவதற்குள் பதினொரு மணி நேரம் ஓய்வு விட்டே ஆக வேண்டுமாம். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் கடையின் வாசல் வரைக்கும்தான் பிரான்ஸ். அடுப்படி முழுக்கக் கூத்தாநல்லூர். எல்லாம் நம்ம ஊர்ப் பையன்கள், எல்லோருக்கும் மீரா உசேன் அண்ணன் முறை. அண்ணனிடம் யார் மணி கேட்பார்கள்? ஒப்பந்தத்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு வேலை முடிகிறது. பாசித் அண்டா கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வரும்போது அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

அந்த நேரத்தில் இங்கே விடியற்காலைத் தொழுகைக்கு, சுபுஹு பாங்கு சொல்வார்கள். பாசித் நடந்துகொண்டே குரல் பதிவு அனுப்புவான். "இப்பதான் முடிஞ்சுது கமரு, கால் ரெண்டும் மரத்துப்போச்சு" என்பான். அப்புறம் புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்லுகிற நாலு வார்த்தை சொல்லுவான். தொழ எழுந்தவள் பதில் பேசி அனுப்புவாள். அவள் பேச்சுக்குப் பின்னால் பாங்கும் பதிவாகிவிடும். பகலில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவன் அனுப்பியதைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். வருஷக்கணக்கில் அவள் நடத்திய குடித்தனம் அவ்வளவுதான்.

முந்தின வருஷ மழைக்காலத்தில் ஒருநாள் அந்தப் பதிவு வரவில்லை. நின்றபடியே கண் அசந்து, கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியின் மேல் சாய்ந்திருக்கிறான் பாசித். வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்த போனும் எண்ணெயோடு போயிற்று. மீரா உசேன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், இல்லை என்று சொல்லவில்லை. ஓடியவர் அங்கே என்ன சொன்னார் தெரியுமா? பையன் ஏழு மணிக்கே வேலை முடித்துவிட்டான், தன் அறையில் தனக்குச் சமைத்தபோது சுட்டுக்கொண்டான் என்றார். அடுப்படிப் பையன்கள் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். அதாவது, பாசித்தின் கை வெந்ததற்கும் கடைக்கும் சம்பந்தம் கிடையாது.

பாசித்துக்காக வழக்குப் போட்ட தொழிற்சங்கத்து வக்கீல் ஒரு பெண்மணி. பிரெஞ்சு தெரிந்த காரைக்கால்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கமருவிடம் வீடியோவில் பேசினார். அந்தக் குரல் பதிவுகள் இருந்தால் போதும் என்றார். அவன் தினமும் எத்தனை மணிக்கு வேலை முடித்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம், பின்னால் கேட்கிற பாங்குகூட நேரம் சொல்லும் என்றார். வழக்கு ஜெயித்தால் கைக்கு வைத்தியமும் வாழ்நாள் உதவியும் சட்டப்படி வந்துவிடும். இவள் போனில் மட்டும்தான் அவை இருந்தன. மன்னார்குடியில் மொபைல் கடை வைத்திருக்கிற என் தம்பி ஹம்தானிடம் போய்ப் பிரதி எடுத்து அனுப்பிவிடலாம் என்றேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினாள். கடைசியில் முகம் சிவக்க, அதில் வேறு பேச்சும் இருக்கிறது ராத்தா என்றாள். அதையெல்லாம் நான் கேட்டுப் பிரித்துத் தருகிறேன், வெள்ளிக்கிழமை கிளம்பு என்று அதட்டினேன். சரி என்றாள்.

விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, வியாழக்கிழமை மத்தியானம் பெரிய வீட்டு மாமி வந்தார். அந்தப் படியில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு தட்டு நிறைய தம்ரூட் இனிப்பு. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நெல் அவித்துக்கொண்டிருந்தேன். என் காதில் விழுந்தது பாதி, கமரு பிறகு சொன்னது பாதி. கோபமாக ஒரு வார்த்தை இல்லை. அழுகிறவளைக் கட்டிக்கொண்டார், பாசித்துக்காக துஆ கேட்டார், அவள் கழுத்துக் கருகமணியைத் தொட்டுச் சரியாக எடுத்துவிட்டார். பிறகுதான் வந்த காரியத்துக்கு வந்தார்.

"அவன் உன்கிட்ட ஆசையா பேசுனதெல்லாம் அந்தப் போனுல இருக்கும்ல புள்ள? கோர்ட்டுல அந்நிய ஆம்பளைங்க உட்காந்து கேப்பாங்க. நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன்தான் அதை அவங்க பாஷையில எடுத்துச் சொல்லுவான். நாளைக்கு அவன் காரைக்காலுக்கு வந்தா, எத்தனை பேர்கிட்ட சொல்லுவான்? நீ தாங்குவியா?"

பாசித்தை நான் பாத்துக்குவேன், இந்தக் கையாலதானே உனக்குக் கருகமணி கட்டுனேன் என்றார் மாமி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலைச் சுற்றி ஓடினேன். நான் போவதற்குள் முடிந்துவிட்டது. பதிவுகளை அவளே அழித்திருந்தாள். போனை மாமியிடம் காட்டிக்கொண்டிருந்தாள், பரீட்சைத் தாளை டீச்சரிடம் நீட்டுகிற பிள்ளை மாதிரி. மாமி என்னைப் பார்த்து, தம்ரூட் எடுத்துக்குங்க என்றார்.

அன்றைக்கு அவளை நான் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "கருகமணி கட்டுனவங்க கேக்கும்போது மாட்டேன்னு எப்படி ராத்தா சொல்றது?" என்று ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவளிடம்தான் அதை வாங்கிக்கொள்ள இடமில்லை. அடுத்த நாள் சுபுஹுக்கு எழுந்தவள், பழக்க தோஷத்தில் போனை எடுத்துப் பார்த்து வாய்விட்டு அழுதாள். வழக்குக்காக அழவில்லை. அவன் குரல் போய்விட்டதே என்று அழுதாள்.

வேலை நேரத்தில் நடந்த விபத்து என்பதற்கு ஆதாரம் இல்லை என்று வழக்கு முடிந்தது. பாசித் ஊருக்கு வந்தான். வலது கை விரல்கள் மடங்கவில்லை, சோற்றைப் பிசைய வரவில்லை. அவன் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் அவளுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மன்னார்குடி மண்டியில் மூட்டை ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கிற வேலையை பாசித்துக்குக் கொடுத்தார். எத்தனை மணிக்கு வரணும், எத்தனை மணிக்குப் போகணும் என்று கேட்டானாம். பாரிஸ் போய் இதைத்தான் கற்றுக்கொண்டு வந்தான் போலிருக்கிறது.

"நமக்குள்ள என்ன தம்பி மணிக்கணக்கு?" என்று மாமி சிரித்தாராம். தாயாக நினைத்துச் சொல்கிறேன் என்றும் சொன்னாராம்.

இப்போது சம்பா அறுவடை. நெல் லாரிகள் விடியுமுன்னே மண்டி வாசலில் வந்து நிற்கின்றன. பாசித் சுபுஹு பாங்குக்கே கிளம்பிவிடுகிறான், இரவு இஷா தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் திரும்புகிறான். அங்கே வேலை முடிந்த நேரத்தில் இங்கே அவனுக்கு வேலை தொடங்குகிறது. இந்த ஊரில் அதைக் கேட்க எந்த வக்கீலம்மாவும் வரப்போவதில்லை.

இன்று காலை நான் வாசல் தெளிக்க வந்தேன். அவன் இடது கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படியிறங்கினான். பள்ளிவாசலில் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். கமரு போனை அவன் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"வேலைக்குக் கிளம்பிட்டேன்னு சொல்லுங்க மச்சான்."

"யாருக்கு அனுப்பப் போற?"

"யாருக்கும் இல்ல. பாங்கு முடியறதுக்குள்ள நீங்க சொல்லுங்க."

அவன் சைக்கிளை நிறுத்தினான். பிறகு போனுக்குக் குனிந்து, "கிளம்பிட்டேன்" என்றான்.