தையல் மிஷினை மீறி ஒரு தவளைக் கதை

போன வருடம் ஜூலை மாதம், அஸ்தினாபுரத்தில் இருக்கும் என் தையல் கடையில் ஆரம்பித்த கதை இது. யாரிடம் சொன்னாலும் பாதியில் எழுந்து நின்றுவிடுவேன், உட்கார்ந்துகொண்டு சொல்லவே வராது. எழுதும்போது எழுந்து நிற்க முடியாதே என்பதுதான் இப்போது எனக்கிருக்கும் ஒரே கஷ்டம்.

கடை சின்னதுதான். வாசலை ஒட்டிக் கட்டிங் டேபிள், உள்ளே இரண்டு பவர் மிஷின், துணியின் ஓரம் பிரியாமல் அடிக்க ஒரு ஓவர்லாக் மிஷின். மூன்றும் ஒன்றாக ஓடினால், எதிர்க்கடைக்காரர் என்னைக் கூப்பிட வேண்டுமானால் போன்தான் போடுவார். மிஷினில் உட்கார மூன்று பேர். இவர்களைத் தவிர ஓர் அக்கா. சட்டையில் பட்டன் நுழையும் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுவதைக் காஜா எடுப்பது என்போம். அந்த வேலையைப் பத்து வருடமாக எங்கள் கடையில் செய்பவர் இந்த அக்காதான்.

என் மனைவி தாம்பரத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறாள். வீடு வந்து சேர ஏழு மணி ஆகும். அதனால் நான்காவது படிக்கும் எங்கள் மகள், பள்ளி வேனில் நாலரைக்குக் கடை வாசலில் இறங்கிக் கட்டிங் டேபிளின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். வாய் ஓயாத பிள்ளை. ஜூன் மாதக் கடைசியில் திடீரென்று அமைதியாகிவிட்டாள். சீருடை தைக்கும் நெருக்கடியில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை எழுந்து நின்று படித்தபோது, உச்சரிப்பு சரியில்லை என்று பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இவள் வாயே திறப்பதில்லையாம்.

"சார், எழுதறதெல்லாம் நல்லா எழுதறா. ரீடிங்னு எழுப்புனா அப்படியே நிக்கறா. தினமும் ஒரு இருபது நிமிஷம் வீட்ல சத்தமா படிக்க வைங்க. அடுத்த மாசம் ரீடிங் டே வருது. கிளாசுக்கு ஒரு பிள்ளை ஸ்டேஜ்ல நின்னு கதை படிக்கணும். நான் இவளுக்குத்தான் குடுக்கணும்னு நினைக்கறேன். வாயைத் திறக்கலைன்னா வேற வழியில்ல, இன்னொரு பிள்ளைக்குக் குடுத்துடுவேன்" என்றார் டீச்சர். கையில் ஒரு கதைப் புத்தகத்தையும் கொடுத்தார். குடையைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் தேடி அலையும் ஒரு தவளையின் கதை.

புத்தகத்தைப் பிரித்துப் பார்க்காமலேயே பைக்குள் வைத்துக்கொண்டேன். காரணம், நான் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்தவன். கடைக்கு வரும் யாராவது ஆங்கிலத்தில் பேசினால் அளவெடுக்கும் டேப்பைத் தேடுவதுபோல் டேபிளுக்கு அடியில் குனிந்துவிடுவேன். டேப் என் கழுத்திலேயே தொங்கும். என் மகளும் நாளைக்கு யார் முன்னாலும் இப்படிக் குனியக் கூடாது. எனக்கிருந்த ஆசையும் அதுதான், பயமும் அதுதான்.

மறுநாளே ஆரம்பித்தேன். ஆரம்பித்த விதத்தைக் கேட்டால் என்னைத் திட்டுவீர்கள். நாலரை மணிக்கு அவள் வந்து முகம் கழுவியதும், "எல்லா மிஷினையும் நிறுத்துங்கப்பா" என்பேன். கடையே கப்சிப். எல்லோரும் அவள் வாயையே பார்ப்பார்கள். ஒரு கையில் நான் போனை வைத்துக்கொள்வேன். அதில் ஒரு வார்த்தையைத் தொட்டால் ஒரு பெண் குரல் அதை உச்சரித்துக் காட்டும். இன்னொரு கையில் துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ். அவள் எந்த வார்த்தையில் சறுக்கினாலும் "நிறுத்து" என்பேன், போனை அழுத்துவேன், கட்டிங் டேபிளின் மேல் ஒரு கோடு போடுவேன். சட்டையில் எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று கோடு போட்டே பழகிய கை. பிள்ளையிடமும் அதையே காட்டியது.

முதல் நாள் பதினேழு கோடு. இரண்டாம் நாள் பத்தொன்பது. மூன்றாம் நாள் இருபத்து மூன்று! கோடு குறையும் என்று நான் பார்த்தால் ஏறிக்கொண்டே போகிறது. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?" என்று கத்தியும்விட்டேன். அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போய், ஐந்தாம் நாள் உதடு மட்டும்தான் அசைந்தது. ஆறாம் நாள் வயிற்று வலி என்றாள்.

அன்று இரவு அவள் சீருடையைத் துவைக்கப் போட்ட என் மனைவி, வெள்ளைச் சட்டையின் கையை என் முன்னால் நீட்டினாள். நுனி முழுக்க நீலம். நான் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம், டேபிளில் இருந்த கோடுகளைப் பிள்ளை தன் சட்டைக் கையால் துடைத்து அழித்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் என் முறை தவறு என்று அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை. "கண்டிப்பா இருந்தாத்தான் வரும்" என்று மனைவியிடமே வாதம் பண்ணினேன்.

எட்டாம் நாள் ஓர் அவசர வேலை வந்தது. மாடம்பாக்கத்தில் ஒரு நடன வகுப்பு நடத்துபவர், நாற்பது பிள்ளைகளின் உடையைக் கொண்டுவந்து கொட்டி, மறுநாள் மாலைக்குள் எல்லாவற்றையும் அளவு சரிசெய்து தர வேண்டும் என்றார். மிஷினை நிறுத்துவதாவது! மூன்றும் ஓடின. நானும் வெட்டுவதில் மூழ்கிவிட்டேன். கோடு போடவும் ஆளில்லை, "நிறுத்து" என்று சொல்லவும் ஆளில்லை.

ஏதோ தோன்றித் தலையைத் தூக்கிப் பார்த்தால், என் மகள் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறாள். இந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்கிற தைரியம்! பக்கத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்த அக்கா அவள் உதட்டையும் புத்தகத்துப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, தவளை குந்திகினு அழுவுது?"

மகள் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. அக்கா ஊசியைச் சட்டையில் குத்திவிட்டு, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டு கத்தினார். "காதுல வுழல! நல்லா சத்தமா சொல்லு!"

மகள் கொஞ்சம் உரக்கப் படித்தாள். அக்கா கையை எடுக்கவே இல்லை. இன்னும் உரக்கப் படித்தாள். ஒரு வரியை ஆங்கிலத்தில் படிப்பாள், உடனே தமிழில் சொல்வாள். குடை காணாமல் போன இடம் வந்ததும் அக்கா, "தவளைக்கு எதுக்கு பாப்பா குடை? அதுவே தண்ணில கெடக்குறது!" என்றார். மகள் சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் படித்தவள் ஒரு வார்த்தையில் சறுக்கினாள். என் கை சும்மா இருக்குமா? சாக்பீஸை எடுத்துக்கொண்டு டேபிளின் ஓரத்துக்கே போய்விட்டேன். அக்கா திரும்பிப் பார்த்தார்.

"பாய், நீ கோடு போட்டா பாப்பா வாய மூடிக்கினு போயிடுது. கொஞ்ச நேரம் சும்மா கீறியா? அப்பாலிக்கா இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

பத்து வருடத்தில் அந்த அக்கா என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மிஷினில் இருந்த மூவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். என் மூக்கு நன்றாக உடைந்தது. சாக்பீஸைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெட்டப் போய்விட்டேன். யோசித்துப் பார்த்தால், கடையில் அத்தனை பேரும் அவள் எங்கே தப்பு விடுகிறாள் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம். தவளைக்கு என்ன ஆனது என்று கேட்டது அந்த அக்கா ஒருவர்தான். அவர் மூன்றாவது வரைதான் படித்தவர், ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

அன்றிலிருந்து கடையே மாறிப்போனது! வேனை விட்டு இறங்கும்போதே, "நேத்து வுட்ட எடத்துலேந்து ஆரம்பி" என்பார் அக்கா. மகளுக்கு இப்போது கேட்க ஆள் இருக்கிறது, நன்றாகச் சொல்ல வேண்டும் என்கிற ஆசையும் வந்துவிட்டது. நான் சொல்லாமலேயே என் போனை வாங்கிக்கொள்வாள். ஒரு பக்கத்தை முழுதாகப் போட்டுக் கேட்பாள். அடுத்த முறை அதோடு சேர்ந்து தானும் படிப்பாள். அப்புறம் போனை ஓரமாக வைத்துவிட்டுக் கடைக்குப் படித்துக் காட்டுவாள். வராத வார்த்தையைத் தானே தேடிப் போய் நாலு முறை சொல்லிப் பார்ப்பாள். முன்பெல்லாம் வார்த்தையின் கடைசிப் பகுதியை முழுங்கிவிடுவாள். ஓவர்லாக் மிஷின் ஓடும்போது முழுங்கினால் அக்காவின் கை காதுக்குப் பின்னால் போய்விடும். அந்தக் கை இறங்கும் வரைக்கும் விடமாட்டாள். ஒரே கதையைப் பத்து முறையாவது படித்திருப்பாள். அக்கா பத்து முறையும் தவளைக்காகக் கவலைப்பட்டார்.

அடுத்த வாரம் டீச்சர் வகுப்பில் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நீதான்" என்றாராம். "அத்தா! நான்தான்! நான்தான்!" என்று அவள் வேனில் இருந்து குதித்த குதியில் புத்தகப் பை ஒரு பக்கம், தண்ணீர் பாட்டில் ஒரு பக்கம் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டைக்கு இரண்டு இடது கை வைத்து, பிறகு பிரித்தேன்.

ரீடிங் டே அன்று காலையில் கடைக்குப் பூட்டுப் போட்டேன். மனைவி லீவு போட்டாள். காஜா அக்காவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, முன்னால் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தார்கள். பெற்றோர்களுக்குக் கடைசியில் இடம். இரண்டு பிள்ளைகள் மைக்கில் அழகாகப் படித்து முடித்தார்கள். மூன்றாவது என் மகள். பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு மேடை ஏறி மைக் முன்னால் நின்று வாயைத் திறக்கிறாள், கரண்ட் போய்விட்டது!

ஜெனரேட்டரைப் போட்டார்கள். சத்தம்தான் வந்தது, மைக்குக்கு உயிர் வரவில்லை. ஒருவர் ஒயரைப் பிடித்து ஆட்டுகிறார், ஒருவர் மைக்கைத் தட்டுகிறார். பிள்ளைகள் சலசலவென்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். தலைமை ஆசிரியை மேடைக்கு வந்து, கொஞ்சம் பொறுத்துப் படிக்கலாம் என்பதுபோல் அவள் தோளில் கை வைத்தார். மகள் முகம் சுருங்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்போது இறக்கிவிட்டால் மறுபடி ஏறுவாளா? ஏறமாட்டாள், எனக்குத் தெரியும்.

அப்போது என் பக்கத்தில் இருந்த அக்கா எழுந்து நின்றார். ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொண்டார், கடையில் வைப்பது மாதிரியே.

மேடையில் இருந்து மகள் அதைப் பார்த்துவிட்டாள்! மைக்கை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். ஜெனரேட்டர் அவளுக்கு என்ன பெரிய சத்தம்? மூன்று மிஷினுக்கு நடுவே படித்தவள்! கதையின் தலைப்பைச் சொன்னாள். அதிலேயே முன்வரிசை திரும்பிப் பார்த்தது. இரண்டாவது வரியில் சலசலப்பு அடங்கியது. ஒவ்வொரு வார்த்தையும், கடைசிப் பகுதி தேயாமல், மைதானத்தின் கோடியில் இருந்த எங்கள் காதுவரைக்கும் முழுசாக வந்து சேர்ந்தது.

நடுவில் ஒரு வார்த்தையில் சறுக்கினாள். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாக்பீஸ் அங்கேதான் இருந்தது, வெட்கக்கேடு. ஆனால் அவள் நிற்கவில்லை, பதறவில்லை. அந்த வார்த்தையை இன்னொரு முறை சரியாகச் சொல்லிவிட்டு மேலே போய்க்கொண்டே இருந்தாள். குடையைத் தன் முதுகிலேயே கட்டிவைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறது தவளை என்று தெரிகிற இடம் வந்தது. மைதானமே சிரித்தது. அவள் வகுப்புப் பிள்ளைகள்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார்கள். இந்த முறை அவளைப் பார்த்து இல்லை, தவளையைப் பார்த்து! அவளும் சேர்ந்து சிரித்துவிட்டுக் கடைசி வரியைப் படித்தாள்.

நான் அழுதுவிட்டேன். என் மனைவியும் அழுதாள். காஜா அக்கா மட்டும் சுற்றியிருந்த பெற்றோர்களிடம், "அதும் முதுவுலதாங்க இருந்துது, எனக்கு அப்பவே தெரியும்" என்று கதையை விளக்கிக்கொண்டிருந்தார்.

டீச்சர் என்னிடம் வந்து, "என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார். "நான் சும்மா இருந்தேன் டீச்சர், அவ்வளவுதான்" என்றேன். அவர் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அதுதான் முழு உண்மை.

என் மகள் இப்போது ஐந்தாவது. நாலரை மணிக்கு மிஷின்கள் ஓட ஓடத்தான் படிப்பு நடக்கிறது. போன மாதம் ஆங்கிலத்தில் பேசும் ஒருவர் சட்டை தைக்க வந்தார். நான் டேப்பைத் தேடவில்லை. தெரிந்த நாலு வார்த்தையைத் தப்பும் தவறுமாகச் சத்தமாகச் சொன்னேன், அவருக்குப் புரிந்தது. மகள் பக்கத்தில்தான் இருந்தாள், என்னைத் திருத்தவில்லை. இன்றைக்கும் எந்தப் பிள்ளையாவது என் முன்னால் தட்டுத் தடுமாறிப் பேசும்போது, சட்டைப் பையை நோக்கிப் போகும் கையைப் பிடித்து நிறுத்தி, காதுக்குப் பின்னால் குவித்து வைத்துக்கொள்கிறேன்.