பாதி திறக்க வேண்டிய மதகு

அந்த எஞ்சினியர் துரையின் மணிக்கட்டை நான் கடித்தது உண்மைதான். அதற்காக இன்றும் வருத்தப்படவில்லை.

பிரெஞ்சு புழங்கும் எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வருஷம் முன்பு, வக்குவாவில் நீர்ப்பாசன அலுவலகத்தில் கணக்குப் போடுவது என் வேலை. பெல் ஒம்ப்ர் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்து அணையில் என் அண்ணன் மதகு பார்த்தான். புயல் வந்துகொண்டிருந்தது. இரண்டு மணிக்கு மதகை முழுதாகத் திறக்க உத்தரவு போயிருந்தது. அண்ணன் நிற்கும் மேடையின் சுவர் அந்தத் தண்ணீர் வேகத்தைத் தாங்குமா என்று அதற்குள் பார்த்தாக வேண்டும்.

தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. உள்ளே வருவது அவ்வளவும் வெளியே போயாக வேண்டும். வாய்க்காலின் படத்தில் கட்டம் போட்டு, வரத்தும் போக்கும் ஒத்துவராமல் கணக்கு உதைக்கிற கட்டத்தைத் திருத்துவேன். உடனே பக்கத்துக் கட்டம் உதைக்கும். உதைக்கிற அளவு மட்டுமே திருத்தும் துரையின் முறைப்படி போனால் மூன்று நாள். நானோ ஒன்று திருத்த வேண்டிய இடத்தில் ஒன்றரை திருத்துவேன். பக்கத்துக் கட்டங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்துவிடும். மத்தியானத்துக்குள் முடித்துவிட்டேன். பாதிக்கு மேல் திறந்தால் சுவர் நிற்காது.

துரை பார்த்தார். "பித்தலாட்டம்!" என்று தாளைக் கிழித்தார். மிச்சத்தைப் பிடுங்கப் போனேன். ரூல்தடியால் என் விரல்களில் ஓங்கி அடித்தார். அப்போதுதான் கடித்தேன். அவர் அலற, நான் டெலிபோனை எடுத்தேன்.

"அண்ணே, பாதிக்கு மேல தொறக்காதே! சுவரு போயிடும்!"

"எஞ்சினியர் முஸ்யே சொன்னாரா?"

என் வாயில் அந்த ஆளின் ரத்தம். "அந்த மடையன் என்ன சொல்றது? நான் போட்ட கணக்கு!"

அண்ணன் சிரித்தான். "சண்டை போட்டுட்டியா தங்கச்சி? உன் கோவத்த நம்பி உத்தரவ மீற முடியுமா? அவர பேசச் சொல்லு."

டெலிபோனை நீட்டினேன். துரை கைக்குட்டையைக் கையில் சுற்றியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணி இரண்டானது.

உத்தரவுப்படி அண்ணன் முழுதாகத் திறந்தான்; சுவர் இடிந்து அவனையும் அடித்துக்கொண்டு போயிற்று. மறுநாள் கரும்புக்குள் கிடைத்தான். மண்டை நசுங்கிப்போயிருந்தது. அண்ணி தைத்துக்கொடுத்த சட்டைப் பித்தானை வைத்துத்தான் அடையாளம் கண்டோம்.

மூன்றாம் நாள் துரையின் கணக்கும் முடிந்தது. பாதி என்றுதான் வந்தது.

"ஆமாண்ணே, அவர்தான் சொன்னாரு." இந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் போதும், அவன் பிழைத்திருப்பான். பாழாய்ப்போன ரோஷம், கணக்கு என்னுடையது என்று சொல்ல வைத்துவிட்டதே!