எங்கள் மருந்தகத்துப் பேராயர்

போன வாரம் தருமபுரியில் சர்க்கரைச் சோதனைக்கு விரல் நீட்டினேன். அந்தப் பெண் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்தாள். ஊசி குத்தியதே தெரியவில்லை. மூக்கு என்னைப் பென்னாகரம் தாண்டி இருந்த மிஷன் மருந்தகத்தில் கொண்டுபோய் விட்டிருந்தது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

என் முதல் வேலை அங்கேதான். கம்பவுண்டர் என்று பெயர். பாதி நாள் பாட்டில் கழுவுவேன். அதை நடத்தியவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மிஷனரியாக வந்த பாதிரியார். மனைவி நர்ஸ். பாதிரியாருடைய தமிழைக் கேட்டு எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். காட்டோர ஊர்களுக்காகக் கன்னடம் கற்றுக்கொண்டார், அதற்கும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே காய்ச்சல்காரப் பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அந்த நர்ஸம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். மருந்தகத்துக்குப் பின்னால், புளியமரத்தடியில் அடக்கம். மறுநாள் காலை பாதிரியார் வழக்கம்போல மருந்தகத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு மூடிரலாங்கய்யா" என்றேன்.

"வந்தவங்கள என்னல செய்ய?" என்றார்.

பல வருடம் கழித்து அவரைப் பேராயர் ஆக்கினார்கள். நகரத்துக்குப் போனார். உயரமான தொப்பியும் கையில் கோலுமாகப் புகைப்படத்தில் பார்த்தபோது யாரோ போலிருந்தார். அப்புறம் கூட்டம், வழக்கு, கட்டடத் திறப்பு. எப்போதாவது வந்தால் கல்லறை அருகே நிற்பார். "அங்கன என்னப் பேரு சொல்லிக் கூப்பிட ஒரு ஆளு இல்லல. என்னையும் இங்கனதான் வைக்கணும்" என்பார்.

வைக்கவில்லை. அவர் இறந்தபோது நகரத்துப் பேராலய வளாகத்திலேயே அடக்கம் செய்தார்கள். வேன் பிடித்துப் போயிருந்தோம். எங்களோடு வந்த மாதம்மாளுக்கு நாலு பிரசவமும் பார்த்தது அந்த நர்ஸம்மாதான். அவள் அங்கிருந்த குருவானவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாமி, அம்மா அங்க தனியா கெடக்குதுங்களே. இவர இங்க வெக்கிறீங்களே?"

"மரபு அப்படிம்மா."

எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. பசித்தது. திரும்பும் வழியில் எல்லோருக்கும் முன்னால் இறங்கி இட்லி சாப்பிட்டவன் நான்தான்.

பிறகு ஒகேனக்கல் சாலையை அகலப்படுத்தினார்கள். மருந்தகம் போயிற்று, புளியமரம் போயிற்று. அம்மாவின் கல்லறையைத் தோண்டி, எலும்புகளை ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பேராலய அலுவலகத்துக்குப் போன் செய்து, அவர் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைக்குமா என்று கேட்டேன்.

"அது பேராயர்களுக்கு மட்டுமான இடம் சார்."

"சரிங்க" என்றேன். பெட்டியைப் பென்னாகரத்துக் கல்லறைத் தோட்டத்தின் மூலையில் புதைத்துவிட்டு வந்தோம்.

முன்பெல்லாம் மருந்தகம் வந்ததும் கண்டக்டர், "மருந்து வூடு எல்லாம் எறங்குங்க" என்று குரல் கொடுப்பார். பாதி பஸ் காலியாகும். இப்போது அங்கே நிறுத்தம் கிடையாது. சாலை நேராக இருப்பதால் பஸ்கள் வேகமெடுப்பது அந்த இடத்தில்தான்.