செல்வலட்சுமி கொடுத்த ரத்தம்

"என் ரத்தம் பாஸ் ஆயிருச்சுல்ல?" என்றுதான் செல்வலட்சுமி பேச்சைத் தொடங்கினாள்.

தண்டலத்தில், ஆய்வகத்து வாசலில் நின்றிருந்தாள். அங்கே ஆராய்ச்சி செய்யும் எழிலரசிக்கு உடனே அடையாளம் தெரிந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரகடத்துப் பெண்கள் விடுதியில் ஆய்வுக்காக ரத்தம் எடுத்தபோது, ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சிரித்தவள்.

"பாஸ், ஃபெயில்னு அதுல ஒண்ணும் இல்லக்கா. அன்னிக்கே சொன்னேனே."

"சொன்னீக. ஆனா எங்க லைன்ல கோளாறுன்னா பீஸு நம்ம டேபிளுக்கே திரும்பி வந்துரும். வரலைன்னா ஓகே. நீங்களும் கூப்பிடல, நானும் ஓகேன்னு இருந்துட்டேன்."

"இப்ப இன்னா ஆச்சு?"

"மார்ல ஒரு கட்டி. சுண்டைக்காயா இருந்தது நெல்லிக்கா ஆயிருச்சு."

"எதனா இருக்கான்னு அன்னிக்கு கேட்டேனேக்கா. ஒண்ணுமில்லன்னீங்களே?"

"கோளாறு எங்கன்னு நானே சொல்லிட்டா அப்புறம் என்ன செக்கிங்?"

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, செல்போன் தொழிற்சாலையில் பத்து வருஷத்துக்கும் மேலாகத் தரம் பார்ப்பவள் அவள். கண்ணாடியில் தலைமுடி அளவு கீறலும் அவளைத் தாண்டிப் போகாது. "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க மாதிரி பாக்கியே" என்று சூப்பர்வைசர் கிண்டல் செய்தால், "அதுல தப்புனா உங்க தலைவிதி, இதுல தப்புனா என் சம்பளம்" என்பாள்.

எழிலரசி தேடிக்கொண்டிருந்தது, புரதம் எதையும் உருவாக்காத நீண்ட ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தில் அவற்றின் அளவு மாறுகிறதா என்பதே கேள்வி. என்றைக்காவது அது நோயை முன்கூட்டியே காட்டலாம். இன்றைக்கு யாருக்கும் பதில் சொல்லாது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டியிருந்தது. விடுதிக்குப் போனது அதற்காகத்தான். செல்வலட்சுமியின் குழாய், நோயில்லாதவர்களின் வரிசையில் உறைபெட்டிக்குள் இருந்தது.

எழிலரசி அவள் கையைப் பிடித்துப் பக்கத்து ஆஸ்பத்திரியின் அறுவைப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். அக்குள் வரை பரவியிருக்கவில்லை. கட்டியை எடுத்துவிட்டார்கள், மருந்து ஏறிக்கொண்டிருந்தது. குழாயை எழிலரசியே எடுத்து ஆய்விலிருந்து நீக்கினாள்.

மறுபடி விடுதியில் ரத்தம் எடுக்கப் போகிற செய்தி கேட்டு, தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு செல்வலட்சுமி வந்தாள்.

"ஞாயித்துக்கிழமையா பாத்து வாங்க. வாரப்ப ஒரு பொம்பள டாக்டரையும் கூட்டிட்டு வாங்க. லீவு போட்டு, இன்னதுன்னு சூப்பர்வைசர்ட்ட சொல்லி ஆஸ்பத்திரிக்கு வர இவளுகளுக்கு வாய் வராது. எனக்கே வரலையே. என் ரூமைத் தாரேன், கதவைச் சாத்திட்டு ஒவ்வொருத்தியா பாக்கட்டும்."